இந்து வாங்கிக்கொண்ட காவல்

எங்கூர்ல மழைன்னாலே அதிசயம். கடலைப் பத்தி எங்களுக்கு என்னங்க தெரியும்? மீனாட்சிபுரத்துல தண்ணின்னா போர்வெல்லுல வர்றது, இல்லாட்டிக் கால்வாய்ல எப்பவாச்சும் தொறந்து உடறது. அப்படியாப்பட்ட ஊர்ல பொறந்துபோட்டு, எங்க சென்னியப்பண்ணன் மக யோகப்பிரியா நேவிக்குப் போறேன்னு நின்னப்ப ஊரே சிரிச்சுது. "ஏனம்மிணி, வாய்க்கால்ல எறங்கறதுக்கே அந்தக் கத்து கத்துவ, நீ போயிக் கப்பல் ஓட்டறயா?"ன்னு நானுந்தான் கேட்டேன். "வாய்க்கால்ல அட்டை இருக்குங்கத்தை, கடல்ல அட்டை இல்லீங்க"ன்னா. வாய் அப்பிடியே என்ற வாய்.

சென்னியப்பண்ணன் எனக்குப் பெரியப்பா மகன். பொறந்த ஊட்டுக்கும் வாக்கப்பட்ட ஊட்டுக்கும் நடுவால ஒரே ஒரு வாய்க்காதான், அதனால ரெண்டு ஊட்டுச் சமாச்சாரமும் எனக்கு அத்துபடி. எனக்குப் பால் சொசைட்டியில பால் அளந்து வாங்கற வேலை. அண்ணன் பொண்டாட்டி நாச்சம்மாளை மொறைக்கு நங்கைன்னு கூப்புடுவேன். நங்கை நெம்பப் பயந்த ஜீவன். மாடு ஒருவேளை தண்ணி குடிக்காட்டிக்கூட அதுக்குத் தூக்கம் வராது. அதுக்குப் போயி இப்பிடியொரு மக.

புள்ளை ஏறுனது இரும்புக் கப்பலு இல்லீங்க. ஜலரேகான்னு பேரு, மரத்துல செஞ்ச பாய்மரப் படகு. நேவியில பயிற்சிக்கு வர்ற பசங்களையெல்லாம் அதுல ஏத்தித்தான் கடலைப் பழக்குவாங்களாம். அண்ணன் கேட்டாரு: "ஏங்கண்ணு, கவர்மெண்டுகிட்ட அத்தனை பெரிய கப்பலெல்லாம் இருக்கையில இந்த மரப்படகு எதுக்கு?"

"காத்து எக்கட்டாலிருந்து வருதுன்னு நம்ம ஒடம்புக்குத் தெரியோணுமுங்கப்பா. எஞ்சின் கப்பல்ல நின்னா அது தெரியாது. இதுல தெரியலீன்னா படகே நகராது."

பெத்தவங்க வந்து பார்க்கலாம்னு ஒருநா கூப்புட்டிருந்தாங்க. கொச்சிக்கு அண்ணனும் நங்கையும் போனாங்க, தொணைக்கு நானும் போனேன். படகைப் பார்த்ததும் நங்கைக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. "இம்புட்டுத்தானா? நம்ம மாட்டுக் கட்டுத்தறி இதைவிட நீளமா இருக்குமே"ன்னுச்சு. அண்ணன் போனதும் போகாததுமாக் குனிஞ்சு, வெரலை மடக்கி, பலகையத் தட்டிக் காது குடுத்துப் பார்த்தாரு. தேங்கா தட்டிப் பார்க்கற பழக்கம். "தேக்குங்களா?"ன்னாரு. அங்க நின்ன நேவிக்காரரு, "தேக்கு தன்னே சேட்டா"ன்னு சிரிச்சாரு. எண்ணெ வாசம் அடிச்சுது. எங்க பார்த்தாலும் கயிறு. உள்ளார எறங்குனா நிமுந்து நிக்க முடியாது. அடுப்பை மட்டும் ஆடற மாதிரித் தொங்க உட்டிருந்தாங்க, படகு சாஞ்சாலும் அடுப்புச் சாயாதாம், சோறு கொட்டாதாம். அதைப் பார்த்துத்தான் நங்கைக்குக் கொஞ்சம் மனசு ஆறுச்சு.

அன்னிக்குத்தான் இந்துவைப் பார்த்தம். அந்தப் படகுல பொண்ணுகன்னு இருந்தது ரெண்டே ரெண்டுதான், நம்ம யோகப்பிரியாவும் அந்த இந்துவும். பீர்மேட்டுல தேயிலை எஸ்டேட்டுப் புள்ளை. அப்பன் வீரபாண்டி ஃபேக்டரியில இலை வாட்டற எடத்துல வேலை, அம்மா சாந்தம்மாளுக்குக் கொழுந்து கிள்ற வேலை. லயத்து வரிசை ஊட்டுல வளந்து நேவிக்கு வந்த புள்ளைன்னா சும்மாவா? நங்கை கொண்டுபோன ஒப்புட்டையும் கச்சாயத்தையும் ரெண்டு குடும்பமுமாப் பாலத்தடியில ஒக்காந்து தின்னம். சாந்தம்மா ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் குடுத்துச்சு. "கடையில கிடைக்காதுக்கா, இது எங்க கைத்தூள்"னு சொல்லுச்சு. இந்து எங்க பேச்சைக் கேட்டுட்டு ஒரே சிரிப்பு. "அத்தே, நீங்க பூனையக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்புடுவீகளா?"ன்னு என்னையக் கேட்டா. "எலி புடிச்சாக் கூப்புடுவம்"னேன். எனக்கு அந்தப் புள்ளையப் பார்த்ததும் புடிச்சுப்போச்சு.

இனி எங்கூர் நோம்பியச் சொல்லோணும், கோயில் திருவிழாங்க அது. வைகாசியில மாரியம்மன் நோம்பி. பறையடிச்சுச் சாட்டுச் சொல்லிட்டாங்கன்னா ஊருக்கே கட்டுத்திட்டந்தான். சாட்டுச் சத்தம் காதுல உழுந்தவங்க ஆரா இருந்தாலும், நோம்பி முடியற வரைக்கும் ராத்திரி வெளியூர்ல தங்கக்கூடாது. பகல்ல எங்க வேணாலும் போயிக்கலாம், பொழுது உழுந்தா ஊட்டுல இருக்கோணும். கோயில் முன்னால கம்பம் நடற ராத்திரி இன்னும் கெடுபிடி. ஆடற பசங்களும் பூசாரியுந்தான் வெளிய இருப்பாங்க, மத்தவங்க வாசப்படி தாண்ட மாட்டாங்க. படிச்சவன், படிக்காதவன், துபாய்க்காரன், எல்லாத்துக்கும் ஒரே சட்டம். நானும் ஆயிரம் பேச்சுப் பேசுவேன், ஆனா அன்னிக்கு ராத்திரி படி தாண்டச் சொன்னா மாட்டேன்.

இந்த வருசம் சாட்டுச் சொன்ன அன்னிக்கு யோகப்பிரியா லீவுல ஊட்டுலதான் இருந்தா. பறைச் சத்தம் கேட்டுதுன்னு நங்கை உருகிப்போச்சு. "லீவு கேட்டு வாங்கு சாமி, நோம்பி முடிச்சுட்டுப் போ"ன்னு காலப் புடிக்காத கொறை. நேவியில அதெல்லாம் நடக்குமா? புள்ளை பொறப்பட்டுப் போயிட்டா. படகு கொச்சியிலிருந்து கோவாவுக்குக் கெளம்புது, ஆறேழு நாள் கடல்ல இருப்பம், போன் எடுக்காதுன்னு கெளம்பற அன்னிக்குக் கூப்பிட்டுச் சொன்னா.

செவ்வாக்கெழம ராத்திரி கம்பம் நட்டாச்சு. புதன்கெழம வெடியால நான் சொசைட்டியில இருக்கேன், எல்லாரும் பால் ஊத்திட்டுப் போயிட்டாங்க, அண்ணனைக் காணம். மாட்டுக்குச் சீக்கா என்னன்னு தெரியலீயேன்னு கேனைக் கழுவிக் கவுத்துப்போட்டு ஊட்டுக்குப் போனேன். அண்ணன் வாசல்ல போனைக் கையில வெச்சுட்டு நின்னுட்டிருந்தாரு. கறந்த பால் அப்பிடியே பக்கத்துல ஈ மொச்சுட்டுக் கெடந்துது.

"நேவியிலிருந்து கூப்பிட்டாங்க அம்மிணி"ன்னாரு. அவரு கொரலே இல்லீங்க அது. "ராத்திரி கடல்ல சுழிக்காத்து அடிச்சிருக்குது. பாய்மரம் முறிஞ்சுபோச்சாம். பொண்ணுகள்ல ஒண்ணைக் காணமாம்."

"எந்தப் பொண்ணு?"

"தெரியலீங்கறாங்க. ரேடியோ பாதியில நின்னுபோச்சாம். லேடி கேடட் ஒருத்தரைக் காணம்னு மட்டும் காதுல உழுந்துதாம். பேரு கேக்கலியாம். பக்கத்துல போன கப்பலை அனுப்பியிருக்காங்க, போயிச் சேந்ததும் சொல்றங்கறாங்க."

இருந்ததே ரெண்டு பொண்ணு. அதுல ஒண்ணு இல்லை. நங்கையத் தேடுனேன். கட்டுத்தறியில சாணி அள்ளிட்டிருந்துச்சு. அள்ளுன எடத்தையே மறுக்கா மறுக்கா அள்ளிட்டிருந்துச்சு.

கொச்சிக்குப் போலாம், மோகனசுந்தரத்தோட கார் இருக்குதுன்னு அண்ணன் கெளம்புனாரு. மோகனசுந்தரம் நங்கைக்கு ஒண்ணுவுட்ட தம்பி, கோயில் காரியமெல்லாம் பார்க்கறவன். திரும்ப நேவிக்காரங்களைக் கூப்பிட்டுக் கேட்டா, வந்து என்ன செய்யப் போறீங்க, படகு இன்னும் கடல்லதான் நிக்குது, ஊட்டுலயே இருங்கன்னுட்டாங்க. எந்தப் பக்கம் பார்த்து நிக்கறதுன்னுகூட எங்களுக்குத் தெரியலீங்க. எங்க ஊர்லிருந்து பார்த்தா மேக்கால பனைமரமும் கானலுந்தான். அண்ணன் தோப்புக்குள்ள போயி மோட்டாரைப் போட்டாரு, நிறுத்துனாரு, மறுக்காப் போட்டாரு. தண்ணி எந்தப் பாத்திக்குப் போகுதுன்னு அவரு பார்க்கவேயில்லை.

கொஞ்ச நேரத்துல போன் அடிச்சுது. வீரபாண்டி. நாந்தான் போனை வாங்கி ஸ்பீக்கரைப் போட்டுப் புடிச்சுட்டு நின்னேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் ஓன்னு கேட்டுது.

"அண்ணாச்சி, நாந்தான் வீரபாண்டி. இங்க ரெண்டு நாளா ஊத்துது, லயத்துல டவரு இல்ல. ரோட்டு வளைவுல நின்னு பேசுதேன். ஒங்களுக்கும் விளிச்சாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"ரெண்டுல ஒண்ணுன்னு சொல்லுதாங்க."

"ஆமாங்க."

"எதுன்னு தெரியலயாம்."

"ஆமாங்க."

"ஒங்களுக்காவது வேற வெவரம் தெரிஞ்சிருக்குமோன்னு…"

"எங்களுக்கும் அதேதானுங்க."

மழைச் சத்தத்துக்கு நடுவால அந்த மனுசன், "ரெண்டும் நம்ம புள்ளைகதான அண்ணாச்சி?"ன்னாரு. அதுவரைக்கும் ஆமாங்க ஆமாங்கன்னு சொல்லிட்டிருந்த எங்கண்ணன் இதுக்கு வாயே தொறக்கலை. அவரு கெட்டவரு இல்லீங்க. ஆனா அந்த நேரத்துல எந்த அப்பனுக்கு அது வாயில வரும்? "அப்பறம் பேசறங்க"ன்னு வெச்சுப்போட்டாரு.

நான் ரெண்டு சொம்பு தண்ணி மோந்துட்டுக் கட்டுத்தறிக்குப் போனேன். நங்கை சோளத்தட்டைக் கத்தையா அணைச்சுப் புடிச்சுட்டு நின்னுட்டிருந்துச்சு. என்னையப் பார்த்ததும் பக்கத்துல வந்து, ஆருக்கும் கேக்காத மாதிரிச் சொல்லுச்சு: "நம்முளுது இல்லை அம்மிணி. நம்ம கண்ணு உள்ளாரதான் இருந்திருப்பா."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"நான் சொல்லியிருந்தேன். கெளம்பற அன்னிக்குப் போன் பண்ணுனாளே, அப்பச் சொன்னேன். சாட்டுக் கேட்ட புள்ளை நீ, ராத்தங்கல் வெளிய ஆகாது, இனி அந்தப் படகுதான் உனக்கு ஊடு. செவ்வாக்கெழம ராத்திரி கம்பம் நடறாங்க, அன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் ஊட்டை உட்டு வெளிய வராத, உள்ளாரயே இருன்னு சொன்னேன்."

"அவ ஒத்துக்கிட்டாளா?"

"எங்க ஒத்துக்கிட்டா? அன்னிக்கு ராத்திரி மேல நின்னு காவல் பார்க்கறது என்ற மொறைங்கம்மா, அதையெல்லாம் மாத்த முடியாது, நீ சும்மா இருன்னு கத்துனா. நான் அழுதேன். அப்பறம்…" நங்கை கையிலிருந்த தட்டுக் கத்தையக் கீழ போட்டுச்சு. "அப்பறம் அந்த இந்து போனை வாங்குச்சு. ‘அத்தே, அழாதீக. அவ மொறைய நான் பாத்துக்கிடுதேன். கேப்டன்கிட்டச் சொல்லி மாத்திக்கிடுவோம். அவளை உள்ள போட்டுப் பூட்டிருதேன், போதுமா?’ன்னு சொல்லிச் சிரிச்சுது. எனக்கு அப்பத்தான் வயித்துல பால் வாத்தாப்ல இருந்துச்சு. நீ மவராசியா இருப்ப கண்ணுன்னு சொன்னேன் அம்மிணி, என்ற வாயால சொன்னேன்."

அது சொல்லி முடிக்கறதுக்கும் எனக்கு வெளங்கறதுக்கும் நங்கைக்கே வெளங்கறதுக்கும் ஒரே நேரந்தான் ஆச்சு. நம்ம புள்ளை உள்ளார இருந்தான்னா மேல நின்னது ஆரு? நங்கை அப்பிடியே மாட்டுத்தொட்டியப் புடிச்சுட்டு ஒக்காந்துபோச்சு. மாடு நங்கையோட தலைய நக்குச்சு, அதுகூட அதுக்குத் தெரியலை.

"ஒருவேளை யோகப்பிரியா மாத்தியிருக்க மாட்டா"ன்னேன். சொல்லிப்போட்டு என்ற நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். என்ன வார்த்தைங்க அது? அவ மாத்தலீன்னா அவளைத்தான காணம்!

"அம்மிணி, நான் இப்ப என்னன்னு கும்புடறது?"ன்னுச்சு நங்கை. "என்ற புள்ளை என்ற பேச்சைக் கேட்டிருக்கோணும்னு கும்புட்டா, அந்தப் புள்ளை போயிரோணும்னு கும்புடற மாதிரி. கேட்டிருக்கக் கூடாதுன்னு கும்புட்டா…"

நான் அதைக் கைத்தாங்கலா எழுப்பி ஊட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தேன்.

தெருவுல பொம்பளைக கம்பத்துக்குத் தண்ணி ஊத்தறதுக்கு மஞ்சத்தண்ணிக் கொடமும் வேப்பலையுமாப் போயிட்டிருந்தாங்க. வாங்க நாச்சக்கா, ஆத்தா கைவுட மாட்டா, வந்து ஒரு கொடம் ஊத்துங்கன்னு கூப்பிட்டாங்க. நங்கை கொடத்தை எடுத்துச்சு, வாசல் வரைக்கும் வந்துச்சு, திரும்ப உள்ள கொண்டுபோயி வெச்சுப்போட்டுது. "அவகிட்டப் போயி நின்னா ஏதாச்சும் கேக்கோணுமே"ன்னுச்சு. அவ்வளவு பக்தியான மனுசி, நோம்பி நாள்ல கோயிலுக்குப் போகாம நின்னது அன்னிக்கு ஒருநாதான்.

அன்னிக்கெல்லாம் அடுப்பு மூட்டலை. நான் எங்கூட்டுலிருந்து கம்மஞ்சோறு கரைச்சுக் கொண்டுபோனேன். ஆரும் தொடலை. காத்து இல்லாம தென்னை ஓலை ஒண்ணுகூட ஆடலை. வெயிலு மண்டையப் பொளந்துச்சு. அங்க மரம் முறியற காத்து, பீர்மேட்டுல வானமே பொத்துக்கிட்ட மழை, எங்களுக்கு ஒரு தூத்தல்கூட இல்லை. டிவியில ஒரு சேனல்காரன் வேற எதோ ஒரு படகுப் படத்தைப் போட்டுக் காட்டிட்டிருந்தான். "அது ஜலரேகா இல்லீடா, ஜலரேகா மரம்டா!"ன்னு அண்ணன் டிவியப் பார்த்துக் கத்துனாரு. நான் போயி அணைச்சேன்.

பொழுது எறங்கற நேரம் நேவியிலிருந்து மறுக்காப் போன் வந்துது. மலையாளத்துலதான் பேசுனாங்க, எல்லையோர ஊருங்கறதால எங்களுக்கு அது வெளங்கும். கப்பல் படகுகிட்டப் போயிச் சேந்துருச்சு, யோகப்பிரியா நல்லா இருக்கா, கையில அடி, பயப்பட ஒண்ணுமில்லைன்னாங்க. அண்ணன் அப்பிடியே தரையில ஒக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதாரு. நங்கை அழலை. போனைப் புடுங்கி, "அந்தப் புள்ளை?"ன்னு கேட்டுச்சு.

தேடிட்டிருக்கங்கன்னாங்க. காவலுக்கு மேல நின்னிருக்கா. இடுப்புல கயிறு மாட்டித்தான் நின்னிருக்கா. பாய்மரம் முறிஞ்சு உழுந்தப்ப, கயிறு மாட்டியிருந்த எடத்தையே பேத்துட்டுக் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போயிருச்சு.

அதுக்குள்ள சேதி பரவி ஊடு நெறைய ஆளு. மோகனசுந்தரம் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு, "போவுதுங்க மாமா, ஆத்தா காப்பாத்திட்டா. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு"ன்னான்.

எனக்கு எங்கிருந்து வந்துச்சோ ஆங்காரம். "ஏன்டா, ஊரான் பெத்த புள்ளை உனக்குத் தலைப்பாகையா? எந்திரிச்சுப் போடா வெளிய!"ன்னேன். காரியக்காரனை நோம்பி நாள்ல ஒரு பொம்பளை வெளிய போகச் சொல்லலாமான்னு நாலு பேரு மொணமொணத்தாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

எல்லாரும் போன பொறவு அண்ணன் நங்கைக்கிட்ட வந்து நின்னாரு. நாங்க கட்டுத்தறியில பேசுனதைத் தோப்புக்குத் திரும்பிப் போறப்ப அவரும் கேட்டிருக்காரு. "இதா பாரு. மொறை மாத்துன கதைய அவங்ககிட்டச் சொல்லாத"ன்னாரு. "சொல்லி என்ன ஆவப்போவுது? புள்ளை திரும்ப வருமா? நோகற நெஞ்சுல இன்னொரு கல்லைத் தூக்கி வெக்கறதா?"

"நான் சொல்லாட்டி நம்ம கண்ணு சொல்லுவா. அவ சொன்னா அவளைத்தான் திட்டுவாங்க."

"ஒண்ணும் திட்ட மாட்டாங்க. நீ பேசாம இரு."

நானும் அண்ணன் பக்கந்தான் பேசுனேன். சொல்ல வேண்டாம் நங்கை, உன்ற மனசு ஆறறதுக்காக அவங்க மனசை எரிக்காதன்னேன். நங்கை ரெண்டு பேரையும் பார்த்துச்சு, மாட்டுக்குத் தட்டுப் போட எந்திரிச்சுப் போயிருச்சு.

மறுநா வெடியால நான் பால் வேலைய முடிச்சுட்டுப் போறப்ப, அண்ணன் ஊட்டுல போன் அடிச்சுட்டிருந்துச்சு. அண்ணன் தோப்புல. நங்கை எடுத்துச்சு. அதுக்கு ஸ்பீக்கர் மட்டுந்தான் போடத் தெரியும், அதனால எனக்கும் கேட்டுது. சாந்தம்மா. டவரு கெடைக்கற ரோட்டு வளைவுக்கு வந்து கூப்பிட்டிருந்துச்சு.

"அக்கா, ஒங்க புள்ள பொழச்சிருச்சாமே. கேட்டப்ப ஒரு நிம்மதிக்கா. ஒண்ணாவது வீடு வந்து சேரட்டும்."

"சாந்தம்மா…"

"எங்களைக் கொச்சிக்கு வரச் சொல்லிருக்காக. அவரு வண்டிக்குச் சொல்லப் போயிருக்காரு. ஒங்க புள்ளகிட்டப் பேசுனீகன்னா ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்கக்கா. எம் மவ ராத்திரி எதாச்சும் சாப்ட்டாளா? வேலைன்னா அவ சாப்பிடாமப் போயிருவா."

நான் நங்கையப் பார்த்து வேண்டாம் வேண்டாம்னு தலைய ஆட்டுனேன். நங்கை என்ற பக்கம் திரும்பவேயில்லை. செவுத்துல கைய ஊணிக்கிட்டு அத்தனையும் சொல்லுச்சு. சாட்டுக் கேட்டது, கம்பம் நடற ராத்திரி, போன்ல அழுதது, இந்து போனை வாங்குனது, மொறைய மாத்திக்கிட்டது. ஒண்ணு மறைக்கலை. "என்ற புள்ளை நின்னிருக்க வேண்டிய எடம் சாமி அது. நாந்தான் அழுது, உன்ற புள்ளைய அங்க நிக்க வெச்சுப்போட்டேன். என்னைய என்ன வேணா சொல்லு. மண்ணை வாரித் தூத்து. நான் கேட்டுக்கறேன்."

லைன் கட்டாயிருச்சோன்னு நான் போனை எட்டிப் பார்த்தேன். ஓடிட்டுத்தான் இருந்துச்சு.

"இல்லக்கா"ன்னு கொரல் வந்துது. "நீங்க பெத்தவ, ஒங்க புள்ளைய உள்ள இருன்னு சொல்லிருக்கீக. நான் அன்னைக்கு அவகிட்ட, துணிமணி நனையாமப் பாத்துக்கடின்னு சொன்னேன்க்கா. தேயிலைத்தூளை ஈரத்துல வைக்காதன்னு சொன்னேன். உள்ள இருடின்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லியே."

அதோட அழுகை வந்து, ஆரோ போனை வாங்கி வெச்சுட்டாங்க.

நங்கை போனைக் காதுல வெச்சது வெச்சபடியே நின்னுச்சு. வெச்சுட்டாங்க நங்கைன்னு நாந்தான் வாங்கிக் கீழ வெச்சேன். அப்பறம் அது என்ற கையப் புடிச்சுக்கிட்டு, மொத நாளெல்லாம் அழாத அழுகைய அழுதுச்சு.

"திட்டலீயே அம்மிணி"ன்னுச்சு. "ஒரு வார்த்தை என்னையத் திட்டலீயே."